காதுகுத்துக்கு லீவு

லீவு கேட்க வேலப்பன் பெண்டாட்டி தாயம்மாவையும் கூட அழைத்து வந்திருந்தான்.

காசிமேட்டில் புஷ்பவல்லியின் ஐஸ் கடையில் அவனுக்குக் கட்டி உடைக்கிற வேலை. சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் எடுத்துக்கொள் என்று அவள் சொன்னதை, சும்மா வாய்வார்த்தை என்றே நினைத்திருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

தங்கையின் மூத்த மகளுக்குக் குத்தியபோது இவனும் தாயம்மாவும் ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்தார்கள். தாயம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால், வேலைக்கு ஆளில்லை என்று முதலாளி இவனை விடவில்லை. வேறு யாரோ மடி கொடுத்தார்களாம். அதிகாரிகள் வந்து மீட்ட பிறகும் அந்த வலி மட்டும் ஆறவில்லை. இந்தச் சின்னதின் காதுகுத்தையும் விட்டுவிட்டுத் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

கடை வாசலில் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன், ஒருவழியாகக் கேட்டேவிட்டான்.

“அதுக்கு ஏன் இப்டி நடுங்குற? போய்ட்டு வா நைனா,” என்றாள் புஷ்பவல்லி, கூடையில் ஐஸை அள்ளிக் கொட்டியபடியே.

அவ்வளவுதான். வேலப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சீர்ப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

தாயம்மா ஓரமாக ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“இன்னா தாயம்மா, நீ போவலியா?”

வேலப்பன்தான் திரும்பி நின்று பதில் சொன்னான். ஊருக்கே தெரிந்த நடைமுறையைச் சொல்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

“நான் வர்ற வரைக்கும் அது இங்கதான்க்கா இருக்கும். ஒருத்தர் வெளிய போனா ஒருத்தர் மொதலாளிகிட்ட இருக்கணும்ல?”

புஷ்பவல்லி கூடையைக் கீழே போட்டாள். தாயம்மாவைக் கைபிடித்து எழுப்பினாள். அந்த மீன்பெட்டியை எட்டி ஓர் உதை விட்டாள்.

தண்டையார்பேட்டை ஸ்டேஷன் கவுண்ட்டரில், “எத்தனை?” என்று கேட்டார்கள்.

பக்கத்தில் தாயம்மா தூக்கோடு நின்றிருந்தாள். கல்யாணமான கையோடு ஆலைக்குள் போனவர்கள் அவர்கள்; ஒரு விசேஷத்துக்கும் சேர்ந்து போனதில்லை.

“ரெண்டு,” என்றான் வேலப்பன், தேவைக்கு மேல் சத்தமாக.