லோமேயில் ஒரு மரியாதைச் சந்திப்பு

“உங்க மக ஏரியோட போயிட்டான்னு கேள்விப்பட்டேன். மனசு ரொம்பக் கனத்துப் போச்சு” என்றாள் என் மகள்.

அவளாகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த, லோமே நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுத் தலைவர் கோம்லான் பிரெஞ்சில் சொன்னதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். மொழிபெயர்ப்பவர்கள் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்வதில்லை. பேசுபவராகவே மாறி ‘நான்’ என்பார்கள். அது அவர்கள் தொழில் முறை.

கென்யாவிலிருந்து வந்த நாடாளுமன்றக் குழுவுக்கு நான் தலைவன். படகுப் போக்குவரத்துப் பாதுகாப்பு பற்றிய பன்னாட்டு மன்றம் நேற்று முடிந்தது. மகளைப் படகு விபத்தில் பறிகொடுத்த தகப்பனாக நான் பேசினேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறைக்குள் இருந்து அந்தப் பேச்சைப் பிரெஞ்சில் சொன்னவள் இவள்தான் என்று இன்று காலை இந்த அறைக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் குழுவில் அவளை அறிந்தவர் இல்லை. அவள் மார்பில் தொங்கிய அட்டையில் வேறு குடும்பப் பெயர் இருந்தது. கூட்டிக்கொண்டு போனவனுடையதாக இருக்கும். அதை நான் விசாரித்ததே இல்லை.

பல வருஷங்களுக்கு முன், என் மகள் அகேயோவுக்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் பரிசமாகப் பசுக்களை வாங்கி, வந்தவர்கள் எங்கள் வீட்டில் கை நனைத்த பிறகு, பல்கலைக்கழகத்தில் பழகியவனோடு அவள் நாட்டைவிட்டே போனாள். அதே மாதம் எங்கள் ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. அவளும் அதில் இருந்தாள் என்று சொன்னேன்.

உடல் கிடைக்காதவருக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீண்ட காயைத் துணியில் சுற்றிப் புதைப்பது லுவோ மக்களாகிய எங்கள் வழக்கம். மணமாகாத பெண் என்பதால் வீட்டு வேலிக்கு வெளியே புதைத்தோம். பசுக்களைத் திருப்பி ஓட்டிவிட்டோம். ஊரில் ஒருவரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவள் அம்மா இன்றும் அந்த வேலியோரம் போய் நின்றுவிட்டு வருகிறாள். உண்மை எனக்கும் என் தம்பிக்கும்தான் தெரியும். நீ புதைக்கப்பட்டவள், இனி இந்த வாசலை மிதிக்க முடியாது என்று தம்பி மூலம் அவளுக்கும் சொல்லி அனுப்பினேன்.

“நன்றி. ஏரி கேட்டுது, கொடுத்துட்டோம்” என்றேன்.

அவள் பிரெஞ்சில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. என் வளர்ப்பு.

கோம்லான் எழுந்தார். இறந்த பெண்ணுக்காகச் சற்று நேரம் மௌனமாக நிற்போம் என்றார். எல்லோரும் எழுந்தோம். அவளும் கைகளைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

காதோரம் நரைத்திருந்தது. அவள் அம்மாவுக்கும் முதலில் அங்கேதான் நரைத்தது.

உட்கார்ந்ததும் காப்பி வந்தது. பக்கத்தில் இருந்த எங்கள் குழு உறுப்பினர் ஞொரோகே அந்த விரலளவுக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தான்.

“பெரியவரே, இது குடிக்கவா, கண்ணுல விட்டுக்கவா?” என்றான் என் காதருகே. “நம்மூரு டீயை ஒரு குவளை கொடுத்திருந்தா நேத்தே எல்லாத் தீர்மானமும் நிறைவேறியிருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. கோம்லான் புன்னகையோடு ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான்.

அவள் உடனே சொல்லவில்லை. அன்று முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க மக உயிரோட வந்து வாசல்ல நின்னா, உள்ள கூப்பிடுவீங்களா?”

ஞொரோகேயின் கோப்பை தட்டில் இடித்தது. “என்னய்யா கேள்வி இது? துக்கம் விசாரிக்கிற லட்சணமா?” என்று முணுமுணுத்தான்.

என் குழு முழுவதும் என்னைப் பார்த்தது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் என் வீடும், என் பெயரும், வேலிக்கு வெளியே இருக்கும் அந்த மண்மேடும் சரிந்துவிடும்.

“இல்லை” என்றேன். “புதைச்சவளை எங்க வீட்டில கூப்பிடறதில்லை. எத்தனை வருஷம் ஆனாலும்.”

அவள் தலையை மெல்ல அசைத்தாள். பிறகு கோம்லானிடம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்தது. அது எனக்கு வியப்பாக இருந்தது.

நினைவுப் பரிசுகள் கைமாறின. படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றோம். படம் எடுப்பவர் கையசைத்ததும் அவள் விலகிச் சுவரோரம் போனாள். அடுத்த அறையில் வேறொரு நாட்டின் குழு காத்திருந்தது. விடைபெறாமலே அங்கே போய்விட்டாள்.

வாசல்வரை வந்த கோம்லான் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் காரை நோக்கி நடந்துவிட்டார்கள்.

“ஐயா, எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும்” என்றார், தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில். “தப்பாப் பேசிடுவேனோன்னு சபையில பேசறதில்லை. எங்க கடலைப் போய்ப் பார்த்தீங்களான்னுதான் நான் உங்களைக் கேட்டேன்.”

என் கையை அவர் இன்னும் விடவில்லை.

“நீங்க சொன்ன பதில்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட வேற ஒண்ணு சொன்னா. ‘இந்தத் தடவை முடியலை, அடுத்த தடவை வந்தா கட்டாயம் பார்க்கிறேன்’னு.”