ஒண்ணா, சைபரா?

"ஒண்ணு, இல்லேன்னா சைபர். அவ்வளவுதானே கேட்டேன்? கதையா எழுதச் சொன்னேன்?"

ஜோவலின் கத்தியதில் பேரிடர் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் பெர்லா மட்டும் நனைந்த குடையை நிதானமாக மடக்கினாள்.

சாயங்காலம் சாமார் தீவில் புயல் கரை ஏறுகிறது. புயல் எச்சரிக்கை சிக்னல் நாலு போட்டாகிவிட்டது. சுகாதார நிலையத்து டேட்டாபேஸை ஜோவலின் தன் கம்ப்யூட்டர் வரைபடத்தோடு இணைத்திருந்தாள். நடக்க முடியாதவர் இருக்கும் வீடெல்லாம் சிவப்பாகத் தெரியும். சிவப்பைப் பார்த்துத்தான் லாரி போகும்.

ஆற்றங்கரைக் குடியிருப்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை!

'நடக்க முடியாதவரா?' என்ற கட்டத்தில் வரைபடம் எண்ணை மட்டுந்தான் ஏற்றுக்கொள்ளும்: முடியாதென்றால் ஒண்ணு, முடியுமென்றால் சைபர். பெர்லாவோ வாக்கியம் வாக்கியமாக எழுதித் தள்ளியிருந்தாள். எழுத்தாக இருந்ததெல்லாம் வரைபடத்துக்கு வந்ததும் வெறும் காலி.

"லாரி நிக்குதும்மா, ஆறு ஏறுது!" அலுவலகத் தலைவர் ரெனாட்டோ பரபரத்தார்.

ஜோவலின் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒரு உயிர் போனாலும் பழி அவள் தலையில்தான். திரையில் ஆள் பெயர் இல்லை, நீள நீளமான வீட்டு எண்கள் மட்டும். பக்கத்திலிருந்த வாக்கியங்களை அவசர அவசரமாக எண்ணாக மாற்றினாள். 'படுத்த படுக்கை' ஒண்ணு. 'சர்ச்சுக்கு நடந்தே போவாள்' சைபர்.

"இந்தக் கூத்தைப் பாருங்க சார்! 'கேட்டா நடப்பேன்னு சொல்வார்.' அப்போ சைபர்தானே?"

"அதை மட்டும் சைபராக்காதடி," என்றாள் பெர்லா.

"சரி, ஒண்ணு போடவா?"

"போட்டாலும் ஆகாது. ஆளுங்க போய்க் கேப்பாங்க, அவர் திருப்பி அனுப்பிடுவார்."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லக்கா! நடக்கிறேங்கிற மனுஷனைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

ஜோவலின் சைபரைத் தட்டினாள். பெர்லா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். விறுவிறுவென்று வெளியே போனாள்.

"மகாராணிக்குக் கோபம் வந்துடுச்சு. அதுவும் இந்த நேரத்துல!" ஜோவலின் முணுமுணுத்தாள்.

லாரி கிளம்பியது. காற்று ஜன்னலை உலுக்கியது. ஆற்றங்கரையில்தான் ஜோவலினின் அப்பாவும் தனியாக இருக்கிறார். ஃபோன் போட்டாள். லைன் செத்துக் கிடந்தது. காலையில் பேசியதுதான் ஒரே ஆறுதல்.

"பள்ளிக்கூட முகாமுக்கு நடந்துடுவீங்கல்லப்பா?"

"ஓடியே போயிடுவேன். நீ வேலையைப் பாரு."

ஒருவழியாக வாக்கி டாக்கி கரகரத்தது. டிரைவர் ரோடெல்.

"சிவப்பு வீடெல்லாம் முடிச்சாச்சு. படத்துல இல்லாத ஒருத்தரையும் தூக்கிட்டு வந்துட்டோம். கிளம்புறப்போ நர்ஸக்கா மழையில ஓடிவந்து சொல்லுச்சு, 'அவரைக் கேக்காதீங்க, தூக்குங்க'ன்னு. கட்டில் மட்டத்துக்குத் தண்ணி! ஒரு காலைக்கூட அசைக்க முடியல, இன்னும் 'நான் நடப்பேன்'னு சண்டை போடறார்."

"யாரு அது?"

"உங்க அப்பாதான், ஜோவலின். பொண்ணுகிட்டச் சொல்லாதீங்கன்னு கெஞ்சறார்."

ஜோவலின் திரும்பினாள். வாசலில் பெர்லா, சொட்டச் சொட்ட நனைந்து நின்றிருந்தாள்.

"காலையிலதான் கேட்டேன்க்கா... நடப்பேன்னு சொன்னாரே..."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. நான் போர்வையை விலக்கிப் பாத்தேன்."