வாசலுக்கு வந்த குழாய்

“என் வாசல்ல குழாய் வேண்டாம்!”

அற்புதமேரி சொன்னதும், கடப்பாரையை ஓங்கிய ஆள் அப்படியே நின்றான். பஞ்சாயத்து ஓவர்சியர் குடையை மடக்கினார்.

“ஏம்மா, தெருவுக்கே ஒரு குழாய்தான் சாங்ஷன். உங்க வீடு நட்டநடுவுல இருக்குது. கதவைத் திறந்தா தண்ணி. யாருக்கு இந்தக் கொடுப்பினை?”

“சேறாகும். கொசு வரும். விடிஞ்சா குடச் சண்டை. இப்பத்தான் சுவத்துக்கு வெள்ளை அடிச்சிருக்கோம்.”

எதிர்வீட்டு வெங்கடசாமிக்குப் பொறுக்கவில்லை.

“பாத்தீங்களா மிதப்பை! புருஷன் பெங்களூரு பேக்டரிக்கு பஸ் ஏறிப் போறாரு. இனி இந்தம்மாவுக்குத் தெருத் தண்ணி ஆவுமா?”

“உங்களுக்கு ஆவும்ல? உங்க வாசல்ல நட்டுக்குங்கண்ணா. நான் குடம் தூக்கிட்டு வரேன்.”

வெங்கடசாமி தொண்டையைச் செருமினார். “எனக்கென்ன... வாசல்ல மாடு கட்டறேன். மிரளும்.”

“சரோஜம்மாக்கா, உங்க வாசல்ல?”

“அய்யோ, வயசுப் பொண்ணை வெச்சிருக்கேன். ஆம்பளைங்க வந்து நிப்பாங்க. வேண்டாம்டி தாயே.”

“பார்க்குக்குன்னு விட்ட மனை சும்மாதானே கிடக்குது?” என்றார் ஓவர்சியர்.

அங்கே வெங்கடசாமியின் வைக்கோல் போர் நின்றது. வெங்கடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறியது. அற்புதமேரி வாசற்படியை விட்டு நகரவில்லை.

“இன்னிக்கு நடலேன்னா இதைப் பேரிகை ஊருக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று ஓவர்சியர் சைக்கிளைத் திருப்பினார்.

வெங்கடசாமி பதறிப்போனார்.

“இருங்க சார்! தெருக்கோடியில வெச்சிடுங்க. அந்தக் கூலிக்காரங்க குடிசைப் பக்கம். சேறானா அங்க ஆவட்டும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். கடப்பாரை கோடிக்குப் போனது.

“இவ ஒருத்தி ஜம்பத்துக்குத் தெருவே நடக்கணும்” என்று, காதில் விழும்படியாகவே முணுமுணுத்துக்கொண்டு போனாள் சரோஜம்மாள்.

சாயங்காலம் வேலை முடிந்து ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கிய அவள் புருஷன் பாக்கியராஜ், வழியிலேயே விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொதித்துப்போய் வந்தான்.

“வீடு தேடி வந்த தண்ணியைத் துரத்தியிருக்கியே! இடுப்பு வலிக்குதுன்னு எண்ணெய் தேச்சுக்கறவ நீதானே? அந்தக் கோடியிலேர்ந்து குடம் தூக்குவியா?”

“தூக்குவேன்.”

“தெருவே காறித் துப்புது. எல்லாம் இந்தச் சுவத்து வெள்ளைக்காகவா?”

“சுவரு கெடக்குது.”

அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தக் கோடிக் குடிசைக் கெம்பம்மா கிணத்தடியில நிக்கறதை நீங்க பாத்திருக்கீங்களா? கயித்தைத் தொட விடமாட்டாங்க. மத்தவங்கெல்லாம் சேந்தி முடிச்சப்புறம், யாராவது மனசு வெச்சு ஊத்தினாத்தான் அவ குடத்துல தண்ணி. குழாய் இங்க வந்தா, நம்ம வாசல்லயும் அப்படித்தான் தள்ளி நின்னிருப்பா.”

“அதைத் தெருக்காரங்ககிட்டயே சொல்லி, அங்க வைக்கச் சொல்றதுதானே?”

“நான் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா? இப்ப அவங்களே கொண்டுபோய் அவ வாசல்ல நட்டுட்டாங்க. இனிமே நாமதான் குடத்தை எடுத்துட்டுப் போயி, அவளுக்குப் பின்னால நிக்கணும்.”