எடைக்காரர் வாசித்த எண்

நாற்பத்தாறு. கம்ப்யூட்டர் திரையில் அப்படித்தான் இருந்தது.

"எழுபத்தெட்டு டிகிரி சார்" என்றான் மெக்கானிக் சூரியபிரகாஷ்.

முதலாளி சுந்தரலிங்கம் திரையைப் பார்த்தார். பார்த்து என்ன? கண்ணில் புரை எடுத்து ஆறு நாள்தான் ஆகிறது. பச்சைக் கண்ணாடிக்குள் எல்லாம் மங்கல்.

பின்னால் நின்ற ஒச்சாண்டிக்கு மங்கல் இல்லை. கம்பம் ஊரில் அந்த ஏலக்காய்க் கிட்டங்கியில் முப்பத்தோரு வருஷமாக எடை போடுகிறவர். தராசு காட்டுவதை உரக்க வாசிப்பதுதான் வேலை. முதலாளிக்காக நூறு கிராம் குறைத்து வாசித்ததில்லை. விற்க வந்தவனுக்காகக் கூட்டி வாசித்ததுமில்லை. மலையிலிருந்து காய் கொண்டு வருகிறவர்கள் தராசைப் பார்க்க மாட்டார்கள். ஒச்சாண்டியின் வாயைத்தான் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டர் பழசு. தேனியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கியது. போட்டால் கால் மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். கொச்சி வியாபாரிக்கு அடிக்கிற மெயில் பாதியில் நிற்கும்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து காலையில் வந்த சூரியபிரகாஷ் மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த விசிறியில் ஒரு கைப்பிடித் தூசி. பிரஷ்ஷால் தள்ளினான். வெள்ளையாக ஏதோ பசை தடவினான். மறுபடி போட்டான். காலையில் எண்பதைத் தாண்டிய எண், நாற்பத்தாறுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒச்சாண்டி எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எழுபதைத் தாண்டுனா ஆபத்து சார். இந்த ரூம் ஆகாது. சன்னலே இல்ல."

"பாவம். சூடு தாங்காமத்தான் பொசுக்கு பொசுக்குன்னு அணைஞ்சிருக்கு. வேற எங்கன வைக்கலாம்?"

"பின்னாடி ஷெட்டுல. ஆனா அங்கன சுவத்துல ரெண்டு எக்ஸாஸ்ட் பேன் மாட்டணும். பெருசா."

"ஷெட்டுல பேன் ஆகாதுப்பா. பொம்பளைக உக்காந்து காய் பொறுக்குதுக. காத்தடிச்சா சருகு பறக்கும். போன வாரம்கூட ராக்கம்மாள்னு ஒருத்தி மயங்கி விழுந்து பேன் கேட்டா. நடிப்பு. தண்ணி தெளிச்சதும் எந்திரிச்சுட்டா."

"இது காத்தடிக்காது சார். உள்ள இருக்கிற சூட்டை வெளிய இழுக்கும். சருகு அசையாது."

"அப்படியா?"

"தெரிஞ்ச கடை இருக்கு. நானே வாங்கியாந்து மாட்டித் தாரேன்."

ஒச்சாண்டிக்கு விளங்கிவிட்டது. கமிஷன்.

அவன் வெளியே வந்ததும் மறித்தார்.

"ஏலே, நில்லு. நாப்பத்தாறு."

சூரியபிரகாஷ் தலையைச் சொறிந்தான். "பாத்துட்டீகளா?"

"பாக்கிறதுதான் எஞ்சோலி. கடைக்காரன் எம்புட்டுத் தாரான்?"

"அவன் எதுக்குப் பெரியவரே எனக்குத் தரணும்?"

"மொதலாளி கேட்டாகன்னா உள்ளதத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. ஷெட்டுல எது எது எங்கன வரும்னு காலையிலயே கோடு போட்டு வச்சிருக்கேன். அதையும் ஒரு எட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

திருட்டுப் பயலுக்குத் திமிரைப் பார். ஒச்சாண்டி ஷெட்டுக்கு நடந்தார். மூட்டைகள் அவரைத் தேடி முன்வாசலுக்கு வரும். அவர் பின்பக்கம் போய் வருஷமாகியிருந்தது.

சித்திரை வெயில். மேலே தகரம். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அறைந்தது. பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கினார்கள். கடைசியில் இருந்த ராக்கம்மாளின் தலையில் ஈரத்துண்டு.

"என்னண்ணே, கம்ப்யூட்டருக்குப் பேன் வருதாம்ல" என்றாள் அவள். "அடுத்த பொறப்புல கம்ப்யூட்டராப் பொறக்கணும்."

நாலு பேர் சிரித்தார்கள். அதற்கு மேல் சிரிக்கத் தெம்பில்லை.

கதவோரம் தரையில் சாக்பீஸ் கட்டம். கம்ப்யூட்டர் மேஜைக்கு. பேன் மாட்டும் கோட்டைத் தேடினார். மேஜையை ஒட்டிய சுவரில் இல்லை. முப்பதடி தள்ளி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சுவரில் இருந்தது. ஒன்று வரிசையின் நடுவில். இன்னொன்று ராக்கம்மாளின் தலைக்கு நேர் மேலே.

"ஏண்ணே, அந்தப் பய எந்தலைக்கு மேல எதுக்குக் கோடு போட்டுட்டுப் போறான்?"

ஒச்சாண்டி அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பி நடந்தார்.

முதலாளி அவருக்காகவே காத்திருந்தார்.

"ஒச்சாண்டியண்ணே, இங்கன வாங்க. ரெண்டு பேன் கேக்கிறான். எனக்கு இந்தப் பய மேல நம்பிக்கை இல்ல. எழுபதைத் தாண்டிருச்சுன்னு உங்க வாயில வந்தா மாட்டுவோம், இல்லைன்னா இன்னைக்கே இவனை அனுப்பிருவோம். என்ன போட்டிருக்கு, வாசிங்க."

சூரியபிரகாஷ் ஸ்குரூ டிரைவர்களை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தான்.

ஒச்சாண்டி கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். நாற்பத்தாறு. அசையவே இல்லை.

நிமிர்ந்தார். தராசுக்கு முன்னால் நிற்கும்போது வருகிற அதே குரலில் வாசித்தார்.

"எண்பத்திரெண்டு. ரெண்டு பேன் பத்தாது மொதலாளி, மூணா மாட்டச் சொல்லுங்க."