சிலந்தி நூலின் வயது

“அப்பா ஆத்தோட போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். என்னமோ நேத்து நடந்த மாதிரி அம்மா இப்பவும் அழுதுக்கிட்டே இருக்காங்க.”

சொல்லிக்கொண்டே மகள் மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பித்தளையில் ஒரு தியோடலைட் இருந்தது. நிலம் அளப்பவர்கள் முக்காலியில் ஏற்றி, குழாய் வழியே பார்த்துக் கோணம் எடுக்கும் பழைய கருவி. பக்கத்து நாற்காலியில் அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எல்லோரும் வயசுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய அளவைக் கருவி எதைக் கொடுத்தாலும் வயதைச் சொல்லிவிடுவார். தன் வயதைக் கேட்டால் மட்டும் மழுப்புவார்.

“இது அப்பாவோடதுதானான்னு தெரியணும் சார். பாலத்துக்கு அளக்கப் போனவர். ஆளும் கிடைக்கலை, கருவியும் கிடைக்கலை. அவர் கையால எழுதின இந்த நோட்டு ஒண்ணுதான் வீட்ல மிச்சம். அதுல இருக்கிற நம்பரை வச்சுக்கிட்டுப் பத்து வருஷமா பழைய சாமான் கடை ஒண்ணு விடாம அலைஞ்சேன். போன வாரம்தான் இது கண்ணுல பட்டுச்சு.”

“யார் கொண்டுவந்து வித்தாங்கன்னு கடைக்காரன் சொன்னானாடி?” என்றாள் அம்மா. வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“தெரியாதுன்னுட்டானேம்மா. எத்தனை தடவை கேட்பே?”

வயசுக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். அடித்தட்டில் 2417. நோட்டு அட்டையிலும் அதே எண்.

“உங்க அப்பாவோடதுதாம்மா. சந்தேகமே வேண்டாம்.”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் கையைத் தொடுவதுபோல் பித்தளையைத் தொட்டுப் பார்த்தாள். “இதுக்கு எத்தனை வயசு சார்?”

“மனுஷன் மாதிரி ஒரே வயசு கிடையாதும்மா. பாகத்துக்குப் பாகம் மாறும். எண்ணெல்லாம் கையால வெட்டியிருக்கு, அதனால உடம்புக்கு நூத்திப்பத்து இருக்கும். திருகாணி பின்னால மாத்தினது, அறுபது. பெட்டிக்கு வயசு அதைவிடக் கம்மி.”

பேசியபடியே குழாயின் முனையைத் திருகிக் கழற்றினார். உள்ளே சின்ன வளையம், அதன் குறுக்கே சிலந்தி நூல். மையத்தைக் குறி பார்க்க அந்த நூலைத்தான் அரக்குப் பொட்டு வைத்து ஒட்டுவார்கள். அறுந்தால் அவரவரே ஒரு சிலந்தியைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அந்த நோட்டைக் கொடுங்க.”

கடைசிப் பக்கத்தில் அப்பா அந்த வளையத்தைப் படமாகப் போட்டு வைத்திருந்தார். குறுக்கே ஒரு நூல், நெட்டுக்கு மட்டும் நெருக்கமாக இரண்டு நூல். ‘இது என் வழி’ என்று கீழே எழுதியிருந்தார். வயசுக்காரர் இத்தனை வருஷத்தில் நெட்டுக்கு இரட்டை நூலைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார், படத்திலும் வளையத்திலும்.

துக்கத்தோடு வந்தவர்களிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் வயது சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“பாரும்மா, அரக்கு பழசாச்சுன்னா கறுத்து வெடிச்சிடும். இது தேன் நிறத்துல பளபளன்னு இருக்கு. நூல்ல ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒட்டி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.”

“அதனால?”

“அதே ரெட்டை நூல். அதே இடைவெளி. வேற ஆள் கை மாதிரி தெரியலை.”

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, துள்ளி எழுந்தாள்.

“அம்மா! அப்பா ஆத்துல போகலைம்மா! உயிரோட இருக்கார்!”

சிரித்தாள், அழுதாள், அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

“ஆத்துல போயிட்டார்னு சொன்னதே நான்தானே,” என்றாள் அம்மா. “உனக்கு அப்ப ஏழு வயசு. வேற ஒருத்தியோட குடித்தனம் நடத்தப் போயிட்டார்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது? அதான் ஊரையே மாத்திக்கிட்டு வந்தேன். அவரைப் பத்தி அப்பப்ப சேதி மட்டும் வரும்.”

மகளின் கை தோளிலிருந்து நழுவியது. கோபம் வந்திருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷ ஏக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“பரவாயில்லைம்மா. திட்டுறதா இருந்தாலும் நேர்ல பார்த்துத் திட்டிக்கிறேன். உன்னையும் அப்புறம் திட்டிக்கிறேன். இப்பவே கிளம்பலாம், அவர் எங்க இருக்கார்னு சொல்லு!”

அம்மா மகளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“போன மாசம் வரைக்கும் உயிரோட இருந்தார்டி.”