கோரைப்பல் காவல்

அணுக்கழிவைப் புதைத்த இடத்தை ஆயிரம் வருடங்களுக்கு யாரும் நெருங்கக்கூடாது. மொழி மாறிவிடும், பயம் மாறாது என்றார்கள் விஞ்ஞானிகள். சிற்பி மரகதம், கோரைப்பல்லும் பிதுங்கிய விழிகளுமாக ஒரு பெண் சிலையைச் செய்து அங்கே நிறுத்தினாள்.

மண்ணில் கசிவு என்று கேள்விப்பட்டு அவள் ஓடி வந்தால், சிலையின் கழுத்தில் எலுமிச்சை மாலை! எதிரே பெருங்கூட்டம்.

"இந்த மூஞ்சியைப் பார்த்தா பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயந்துதானேக்கா வந்தோம்! இம்புட்டுக் கோவக்காரி காவல் இருந்தா, புள்ளைகிட்ட காய்ச்சல் அண்டுமா?" என்ற தாய் ஒருத்தி, சிலையின் காலடி மண்ணைக் கிள்ளிக் குழந்தையின் நாக்கில் வைத்தாள்.

மரகதம் பாய்ந்தாள். குழந்தையின் வாய்க்குள் விரல்விட்டு மண்ணை வழித்தபடி, "துப்பு! துப்பு!" என்று அலறினாள்.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று குலவை கிளம்பியது. மற்ற தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட்டு, மரகதத்தின் முன் வரிசையில் நின்றார்கள்.