இரண்டு இழுப்பு

"வைஃபையே போட்டுக்கலாம் சார்," என்று அஜித்குமார் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான்.

"மெஷின் ஓடுனா சிக்னல் புட்டுக்குதுப்பா. ஒயரே இழு," என்றார் மேனேஜர்.

ஓசூர்க் கம்பெனியின் அந்த ஆபீஸில், போன வருஷம் இதே ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறிய அவன் கூட்டாளி மாதப்பன் கரண்ட் அடித்துச் செத்தான். வேலை பாதியில் நின்றது. 'செத்தவன் யாரென்று தெரியாது, நான் தனியாகத்தான் வந்தேன்' என்று கம்பெனி நீட்டிய காகிதத்தில் அஜித்குமார் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு கம்பெனியின் ஒயரிங் வேலையெல்லாம் அவனுக்குத்தான்.

இன்று ஏணியில் நின்று ஒயர் நுனியைச் சீலிங்குக்குள் தள்ளினான். அந்தப் பக்கம் போய் இழுத்துக்கொள்ளலாம் என்று இறங்கும்போது, உள்ளேயிருந்து ஒயர் வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுபட்டது.

இரண்டு இழுப்பு என்றால் 'ஒயர் விடு'. அவனும் மாதப்பனும் பேசிவைத்த சைகை அது.

விட்டான். ஒயர் நிதானமாக உள்ளே போனது. பிறகு ஒரே இழுப்பு: போதும். அறையின் அந்தக் கோடியில், மேனேஜர் மேஜைக்கு மேலிருந்த ஓட்டையில் நுனி வந்து தொங்கியது.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ளயா? ஒத்தை ஆளாவா இழுத்தே?"

"ஆமா சார். கூட யாரும் இல்ல."

அவர் தலைக்கு மேலே தொங்கிய நுனி மெதுவாக மேலேறி ஓட்டைக்குள் போய்விட்டது.